நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு: ஹட்டன் வீதியில் வண்டி இறக்கும் முறை

கொழும்பில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நுவரெலியாவுக்கு ஏறுவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது திரும்பி வரும் வழியைப் பற்றி. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் வண்டி நின்றுவிடும், அதோடு போயிற்று. இறக்கத்தில் கோளாறு வந்தால் வண்டி நிற்காது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று மலையக விபத்துச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அதற்குப் பின்னால் பல வேளை இருப்பது திடீரென்று உடைந்துபோன பாகம் அல்ல. பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரம் மிதித்து மிதித்துச் சூடேற்றப்பட்டு, கடைசி முடக்கில் கைவிட்ட பிரேக்.

இங்கே சொல்லப்படும் வழி ஏ7 வீதி: நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை. அங்கிருந்து ஏ4 வழியாகக் கொழும்பு. மொத்தம் சுமார் 180 கி.மீ. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் குளிரில் கிளம்பி, தேயிலை மலைகளைத் தாண்டி, கித்துல்கலையின் மழைக்காட்டுக்குள் நுழைந்து, களனி கங்கையின் ஓரமாகவே வந்து கடற்கரை நகரத்தில் முடியும் வழி. இடையில் நிறுத்தி வந்தால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் பொதிகளும் சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும்போது விடுபடும் சக்தி, 2 கிலோவாட் மின் கேத்தல் ஒன்றை மூன்றரை மணி நேரம் இடைவிடாமல் கொதிக்க விடுவதற்குச் சமம். அந்தச் சூடு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கியரைச் சரியாகப் போட்டால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், ரேடியேட்டரும் புகைக்குழாயும் அதை வெளியே தள்ளிவிடும். கியரை மறந்தால் முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் போய் இறங்கும். இனிச் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

எந்த வழி, எந்த நேரம்

கண்டிப் பக்கமாக இறம்பொடை, கம்பளை வழியே இறங்கும் ஏ5 வீதியும் இருக்கிறது. அழகான வழி, ஆனால் லபுக்கலையிலிருந்து இறம்பொடை வரை இறக்கம் செங்குத்தாகவும் நீளமாகவும் விடாமல் வரும். 2025 மே 11 அன்று 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கெரண்டி எல்ல பஸ் விபத்து அந்தப் பக்கத்தில்தான் நடந்தது. ஹட்டன் வீதியில் இறக்கம் தவணை தவணையாக வருகிறது. நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரை ஒரு இறக்கம், பிறகு ஹட்டன் வரை ஏற்ற இறக்கமாக ஓர் இளைப்பாறல், ஹட்டனுக்குப் பிறகு கித்துல்கலை வரை பெரிய இறக்கம். புதியவருக்கு இந்த வழியே நல்லது. பிரேக் ஆறுவதற்கு இடையில் நேரம் கிடைக்கிறது.

காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் கிளம்புங்கள். பிற்பகலில் நானுஓயாப் பக்கமும் ஹட்டன் பக்கமும் பனிமூட்டம் இறங்கும். ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்குப் பிறகு இடியோடு மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக இந்தச் சரிவுகளில்தான் மோதும். வழியில் வரும் வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. முதல் தடவை ஓட்டுபவருக்கு பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் பொருத்தம். காலையில் கிளம்புவதில் இன்னொரு வசதி: மாலை நெரிசலுக்கு முன் மஹரகமையைத் தாண்டிவிடலாம்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். நகரத்தை விட்டு வெளியேறவே நெடுநேரம் ஆகலாம், நகருக்குள் ஒருவழிப் போக்குவரத்தும் போடுவார்கள். மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். அந்த மாதங்களில் வார இறுதி இரவுகளில் ஹட்டன் வீதி முழுக்க யாத்திரை பஸ்கள் ஓடும். அவற்றின் சாரதிகள் பலர் இரவெல்லாம் கண் விழித்திருப்பவர்கள். ஞாயிறு அதிகாலை அந்த வீதியில் இருக்காமல் பார்த்துக்கொள்வது புத்தி.

கொழும்பை விட்டுப் புறப்படும் முன்

இறங்கும் வழிக்கான ஆயத்தம் மேலே ஏறும் முன்பே, கொழும்பிலேயே முடிந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் கராஜ் தேடி அலைவது விடுமுறையைத் தின்றுவிடும்.

முதலில் பிரேக் ஒயில். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியதும் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாமல் விட்ட ஒயில் இறக்கத்தின் சூட்டில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழி விழும். ஒயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், பெடல் தரையைத் தொட்டுவிடும். கடைசியாக எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால், மாற்றிவிடுங்கள். எந்த வகை என்பது ஒயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

முன் பிரேக் பேட் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பின்சக்கரங்களில் டிரம் என்றால் அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வழமையான சேர்விஸில் பல இடங்களில் அதைத் திறப்பதே இல்லை. ஹேண்ட் பிரேக்கை ஒரு ஏற்றத்தில் நிறுத்திப் பரிசோதியுங்கள். கொழும்பில் சமதரையில் நிறுத்துபவருக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்று தெரிய வாய்ப்பே இல்லை.

டயரின் பள்ளம் 1.6 மி.மீ. வரை போகலாம் என்பார்கள். மழையில் மலை இறங்க 3 மி.மீ. இருப்பது நல்லது. காற்று, சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவில். ஸ்பெயார் டயருக்கும் காற்று அடியுங்கள். வைப்பர் ரப்பர் கீறல் விழுந்திருந்தால் புதிது போடுங்கள். கூலன்ட் அளவு, இரண்டு ஹெட்லைட், பின்னால் எரியும் பிரேக் லைட், ஹோர்ன். ஹோர்ன் மலையில் அலங்காரம் அல்ல, பாவிக்க வேண்டிய கருவி.

வண்டியில் இருக்க வேண்டியவை: முக்கோணப் பிரதிபலிப்பான், டோர்ச், குடிநீர் தவிர ஐந்து லீற்றர் தண்ணீர், கண்ணாடி துடைக்க நல்ல பருத்தித் துணி, சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மரக்கட்டை அல்லது கல். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ். காப்புறுதி நிறுவனத்தின் அவசர இலக்கத்தை போனில் பதிந்து வையுங்கள், வழி வரைபடத்தையும் தரவிறக்கி வையுங்கள். காட்டுப் பகுதியில் சில இடங்களில் சிக்னல் விழுந்துவிடும்.

கியர்: இறக்கத்தின் முழுப் பாடம்

மலையக சாரதிகள் சொல்லும் விதி எளிது: ஏற எந்த கியர் தேவையோ, இறங்கவும் அதே கியர். இரண்டாவது கியரில் ஏற வேண்டிய சரிவு என்றால் இரண்டாவது கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் ஏறியபின் குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எஞ்சின் 3,000 சுற்றுக்கு மேல் போய் உறுமும். புதியவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து உடனே கியரை ஏற்றிவிடுகிறார்கள். பயப்பட எதுவும் இல்லை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை எஞ்சினுக்கு அது சாதாரண வேலை.

ஆட்டோ கியர் வண்டிகளில் "டி"யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதுதான் இன்று அதிகம் நடக்கும் தவறு. "டி"க்குக் கீழே "எல்", "2", "எஸ்" என்று ஏதாவது இருக்கும், அதைப் பாவியுங்கள். பழைய ஆட்டோ கியர்களில் லீவரின் பக்கவாட்டில் ஓவர்டிரைவ் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி நிறுத்தினால் மேல் கியர் விழாது. ஹைபிரிட் கார்களில் "பி" (B) என்ற நிலை இதற்காகவே வைத்தது. ஹைபிரிட்டில் ஒரு விஷயம் பலரைத் திடுக்கிட வைக்கும். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால், சக்தியைத் திருப்பிச் சேமிக்க இடம் இல்லாமல் எஞ்சின் திடீரென்று சத்தமாகச் சுழலும். கோளாறு இல்லை. மிச்சச் சூட்டை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. முழு மின்சாரக் காராக இருந்தால் நுவரெலியாவில் 100 சதவீதம் சார்ஜ் பண்ணாதீர்கள். 80 சதவீதம் போதும். மேலே நிரப்பிக்கொண்டு கிளம்பினால் முதல் இறக்கத்தில் மோட்டார் பிடிப்பு கிடைக்காது.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சை இன்றும் கேட்கலாம். கார்ப்பரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்றைய எஞ்சினில் கியர் போட்டபடி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் ஊசிகள் மூடிக்கொள்ளும், செலவு பூச்சியம். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் தானாக ஓட எரிபொருள் குடிக்கும். எஞ்சினை அணைத்து இறக்குவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக்கின் உதவி அழுத்தம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

கியர் போட்ட பின்னும் பிரேக் தேவைப்படும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். 35 கி.மீ. வேகம் வந்ததும் உறுதியாக, மூன்று விநாடி அளவு மிதித்து 25க்குக் கொண்டுவாருங்கள், காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 35 வரும்போது மறுபடி மிதியுங்கள். இடையில் கிடைக்கும் காற்றுதான் டிஸ்க்கை ஆற்றுகிறது. மிதிக்க வேண்டிய இடைவெளி ஐந்தாறு விநாடியாகச் சுருங்கினால் கியர் அதிகம் என்று அர்த்தம், இன்னும் ஒன்று குறையுங்கள்.

முடக்கும் பஸ்ஸும்

முடக்குக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திருப்பத்தின் நடுவில் பிரேக் மிதித்தால், ஈர வீதியில் முன்சக்கரம் நேரே வழுக்கும். கண் தெரியாத முடக்கில் ஒரு ஹோர்ன், நின்று பதில் ஹோர்ன் வருகிறதா என்று காது கொடுங்கள். அதற்காக ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி, பாட்டை நிறுத்தி வையுங்கள்.

பெரிய பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும்போது தன் பக்கத்துக்குள் திரும்ப முடியாது. முன்பக்கம் உங்கள் பாதையின் ஓரம் வரை வந்துதான் வளையும், பின்பக்கம் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். ஆகவே வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் முன்பே இடதுபக்கம் ஒதுங்கி நின்று, முழு வளைவையும் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். "ஏறும் வண்டிக்கு வழி" என்பது இங்கே எழுதாத சட்டம். பாரத்தோடு ஏறும் லொறி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம், இறங்கும் உங்களுக்கு நிற்பது சிரமம் இல்லை.

முன்னால் போகும் லொறி இடது சிக்னல் போட்டு "முந்திப் போ" என்று காட்டும், வலது போட்டு "வராதே" என்று காட்டும். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அதே இடது சிக்னலை ஒதுங்கி நிற்பதற்கும், வலதை வலப்பக்கம் திரும்புவதற்கும் போடுவார்கள். எதிர்வீதி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். பின்னால் பஸ் நெருங்கி ஹோர்ன் அடித்தால் போட்டி வேண்டாம். அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

ஒதுங்கும்போது கானைப் பாருங்கள். மலைப்பக்கத்தில் ஓடும் அந்தக் கான்கள் சில இடங்களில் முழங்கால் ஆழம். புல் மூடியிருந்தால் தெரியாது. சக்கரம் விழுந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

கட்டம் கட்டமாக வழி

நுவரெலியாவில் காலையில் கிளம்பும் முன் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருக்கும். ஏசியைப் போட்டு காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் இரண்டு நிமிடத்தில் தெளியும். குளிர்கிறது என்று ஏசியை அணைத்து வைத்தால் நாலு பேர் மூச்சில் மறுபடி மூடிக்கொள்ளும். முதல் நூறு மீற்றரிலேயே பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.

நானுஓயாவில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரதல்லைக் குறுக்கு வீதி இங்கிருந்துதான் பிரிகிறது. தூரம் குறைவு என்பதால் போனில் உள்ள வரைபடம் அந்தப் பக்கம் காட்டலாம். போகாதீர்கள். சரிவு மிகக் கடுமையானது. 2023 ஜனவரி 20 அன்று கொழும்பிலிருந்து பாடசாலைச் சுற்றுலா வந்த பஸ் ஒன்று அந்த இறக்கத்தில் வான் ஒன்றிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு பஸ்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் அங்கே தடை வந்தது. காருக்குத் தடை இல்லை என்பதால் அது காருக்கு ஏற்ற வீதி ஆகிவிடாது. லிந்துலை வழியாகப் போகும் பிரதான வீதியிலேயே இறங்குங்கள்.

இந்தப் பகுதியில் பனிமூட்டம் வந்தால் ஹெட்லைட்டை டிப்பில் வையுங்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். ஓடும்போது நான்கு சிக்னலையும் சேர்த்துப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. அதைப் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள். வேகத்துக்குச் சுலபமான அளவு: 20 மீற்றர் தெரிந்தால் 20 கி.மீ. ஈர வீதியில் 30 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்க ஏறக்குறைய 20 மீற்றர் எடுக்கும். எதிரே வருபவருக்கும் அதே அளவு தேவை என்பதை மறக்க வேண்டாம்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் வீதியோரமாகவே வரும். அதைத் தாண்டியதும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி, 80 மீற்றர். அடுத்து டெவோன், 97 மீற்றர். இரண்டுக்கும் பார்க்கும் இடங்கள் உண்டு, தேநீர்க் கடைகளும் உண்டு. கட்டாயம் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். அருவிக்காக மட்டும் சொல்லவில்லை, முதல் இறக்கத்தின் சூடு ஆறவும் இதுவே நல்ல இடம். இறங்கியதும் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து மோந்து பாருங்கள். கருகல் வாசம் இல்லாவிட்டால் கியரைச் சரியாகப் பாவித்திருக்கிறீர்கள். வாசம் வந்தால், அடுத்த பெரிய இறக்கத்துக்கு முன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது. வளைவில், பார்க்கும் இடத்துக்கு வெளியே நிறுத்திப் படம் எடுப்பவர்களைத் தினமும் காணலாம். அவர்களில் ஒருவராகிவிடாதீர்கள்.

கொட்டகலை தாண்டி ஹட்டன். உயரம் இன்னும் 1,271 மீற்றர். பாதி வழி முடிந்தது போலத் தோன்றும், ஆனால் இறங்க வேண்டிய உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நகரத்தில் நெரிசல் இருக்கும். பெட்ரோல் போடவும் சாப்பிடவும் இங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை வழியே கித்துல்கலை வரைதான் இந்தப் பயணத்தின் கடுமையான பகுதி. ஒரு பக்கம் வெட்டிய மண்மேடு, மறுபக்கம் பள்ளம், மழை, முடக்குகள். வட்டவளை கரோலினாப் பகுதியும் கினிகத்தேனைச் சுற்றுவட்டாரமும் மண்சரிவுச் செய்திகளில் அடிக்கடி வருபவை. இங்கே தொடக்கம் முதலே இரண்டாவது, மூன்றாவது கியர்தான். கினிகத்தேனையில் ஐந்து நிமிடம் நின்று இறங்குங்கள்.

கினிகத்தேனைக்குக் கீழே காற்றே மாறும். தேயிலை போய் ரப்பரும் கித்துலும் பெருமரங்களும் வரும், வெக்கையும் ஈரமும் ஏறும். இப்போது முன்கண்ணாடி மறுபடி மங்கும், இந்தத் தடவை வெளிப்புறத்தில். உள்ளே குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரக்காற்று படிவதால் வருவது. துணியால் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தால் போகாது. வைப்பரை ஒருமுறை போட்டு, ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து கால்பக்கம் திருப்புங்கள். மேலே செய்ததற்கு நேர் எதிர்.

கித்துல்கலையில் ஆற்றின் அந்தப் பக்கம் மகந்தாவ மழைக்காடு. மதிய உணவுக்கு நிற்க இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. காட்டுக்குள் நடப்பதானால் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். அட்டைக்கு நீண்ட காலுறையும் சவர்க்காரமும் போதும். ஆனால் கண்ட இடத்தில் களனி கங்கையில் குளிக்க இறங்காதீர்கள். மேலே மின்நிலையங்களும் அணைகளும் இருக்கின்றன, மலையில் பெய்யும் மழை இங்கே தெரியாது. வெயில் அடிக்கும்போதே நீர்மட்டம் சட்டென்று உயரும். கொழும்பிலிருந்து வரும் இளைஞர்கள்தான் அதிகம் இந்த ஆற்றை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், மனம் பதறுகிறது.

யட்டியாந்தோட்டை, கரவனெல்லை, அவிசாவளை: வீதி விரியும், வேகம் கூடும், தூக்கமும் வரும். மலையில் விழிப்பாக இருந்த சாரதி இங்கேதான் தளர்கிறார். அவிசாவளையில் ஒரு தேநீர், முடிந்தால் சாரதி மாற்றம். அங்கிருந்து ஹைலெவல் வீதியில் கொஸ்கம, ஹோமாகம, மஹரகம, நுகேகொட வழியாகவும் வரலாம், ஹங்வெல்ல, கடுவெல வழியாகக் கீழ்வீதியிலும் வரலாம். நீர்கொழும்புக்கோ காலிப் பக்கமோ போகிறவர்கள் கடுவெலயில் வெளிவட்ட அதிவேக வீதியில் ஏறிவிட்டால் நகர நெரிசலே வேண்டாம். களனி கங்கை பெருகும் நாட்களில் கீழ்வீதியை விட்டுவிடுங்கள். கடுவெலப் பக்கம் வெள்ளம் ஏறும்.

மழையும் மண்சரிவும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலையக வீதிகளைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. ஒரு மண்மேடு ஒருமுறை சரிந்தால் அதன் மிச்சம் அடுத்த மழைக்கும் தளர்ந்தே இருக்கும்.

கிளம்பும் நாள் காலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேர மழை 75 மி.மீ. தாண்டும்போது மஞ்சள், 100 தாண்டும்போது செம்மஞ்சள், 150 தாண்டும்போது சிவப்பு என்பது பொதுவான அளவு. நுவரெலியா மாவட்டத்துக்கோ கேகாலை மாவட்டத்துக்கோ செம்மஞ்சள் வந்திருந்தால் அன்று கிளம்பாதீர்கள். விடுதிக்கு இன்னொரு இரவு காசு கொடுப்பது நட்டமே இல்லை. யட்டியாந்தோட்டை, கித்துல்கலை கேகாலை மாவட்டத்தில் வருபவை. நுவரெலியாவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வழியில் கவனிக்க வேண்டியவை: மேட்டிலிருந்து திடீரென்று வரும் கலங்கல் நீர், உருளும் சிறு கற்கள், சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், வீதியில் புதிதாக விழுந்த நீள வெடிப்பு. இவற்றில் ஒன்றைக் கண்டால் மேட்டின் கீழே நிற்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள். முன்னால் மண் விழுந்து வரிசை நின்றிருந்தால், வரிசையின் முனைக்குப் போய்ப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். இரண்டாவது சரிவு அங்கே நிற்பவர்கள்மேல்தான் விழும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

பிரேக் சூடானால், பிடிக்காமல் போனால்

கருகல் வாசம், வழக்கத்தைவிடப் பலமாக மிதிக்க வேண்டிய நிலை, பெடல் பஞ்சு போல் ஆழமாகப் போவது: இவை மூன்றும் எச்சரிக்கை. அடுத்த அகலமான இடத்தில், முடிந்தால் மலைப்பக்கமாக நிறுத்துங்கள். மெனுவல் என்றால் முதல் கியரில், ஆட்டோ என்றால் "பி" (P) அதாவது பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பின்பிரேக்கும் சூடேறியிருக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. சூடான டிஸ்க் கோணிவிடும், வெடிக்கவும் கூடும். ஆறியபின் பெடல் பழையபடி உயரத்தில் உறுதியாக நின்றால் கியரைக் குறைத்து மெல்ல இறங்கலாம். ஆறியும் பஞ்சாகவே இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள்.

ஓடும்போதே பிரேக் போய்விட்டால், வரிசை இது:

1. பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். சில வேளை அழுத்தம் திரும்பும்.
2. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்: மூன்று, இரண்டு, ஒன்று. ஆட்டோவில் "எல்", ஹைபிரிட்டில் "பி" (B, பார்க் அல்ல). எஞ்சினை அணைக்காதீர்கள்.
3. ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் அந்தச் சுவிட்சை விடாமல் பிடித்திருங்கள், பல வண்டிகள் தாமாகவே நிதானமாக நிறுத்தும்.
4. ஹோர்னை விடாமல் அடியுங்கள், நான்கு சிக்னலையும் போடுங்கள்.
5. இன்னும் நிற்கவில்லை என்றால் மலைப்பக்கத்துக் கானில் சக்கரத்தை இறக்குங்கள், அல்லது மண்மேட்டில் பக்கவாட்டை உரசவிடுங்கள். வேகம் குறைவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். கதவும் மட்காட்டும் போனால் காப்புறுதி இருக்கிறது.

கூட வருபவர்கள்

பிள்ளைகளுக்கு வாந்தி வருவது பெரும்பாலும் ஹட்டனுக்குக் கீழேதான். வயிறு முட்டச் சாப்பிட்டோ முழுப்பட்டினியாகவோ கிளம்ப வேண்டாம். போன் பார்க்க விடாதீர்கள், முன்வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பயண வாந்தி மாத்திரை கொடுப்பதானால் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி தொடங்கியபின் பலன் குறைவு. சாரதி அதைப் போடக்கூடாது, தூக்கம் வரும். பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். பொதிகளைப் பின்கண்ணாடியை மறைக்க அடுக்காதீர்கள். சாரதியின் காலடியில் தண்ணீர்ப் போத்தல் உருண்டு வராமல் பாருங்கள். பெடலுக்கு அடியில் ஒரு போத்தல் சிக்கினால் போதும், மேலே சொன்ன எதுவும் உதவாது.

கொழும்புக்கு வந்த மாலையே சக்கரத்துக்குக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், காலையில் கழுவலாம். அடுத்த நாள் பிரேக் ஒயில் டப்பாவில் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். மிதிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கிறது, கராஜில் காட்டுங்கள்.